பறவைகளின் மனிதரும் எருமைகளின் குளமும்: சலீம் அலியின் வாழ்விலிருந்து படுவான்கரைக்கு ஒரு பாடம்

வெல்லாவெளியிலிருந்து மண்டூர்ப் பக்கம் போகிறவர்கள் வேளாண்மை பச்சை பிடித்து நிற்கும் நாட்களில் ஒரு காட்சியைக் காணாமல் போக முடியாது. வட்டையின் ஓரத்துப் பனையிலோ, நீருக்கு மேல் சாய்ந்து நிற்கும் முள்மரத்திலோ தூக்கணாங்குருவிக் கூடுகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். சில முழுக் கூடுகள். சில தொப்பியைக் கவிழ்த்து வைத்தாற்போல அரைகுறையாக நிற்பவை. இந்த அரைக்கூடுகளைக் குரங்கு பிய்த்தது என்பார்கள், காற்று கிழித்தது என்பார்கள், ஆண்குருவி ஊஞ்சலாடக் கட்டியது என்றும் சொல்வார்கள்.

உண்மைக் காரணத்தைக் கண்டு எழுதியவர் ஒரு பம்பாய்க்காரர். அப்போது அவருக்கு வேலை இல்லை. பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. அவர் பெயர் சலீம் அலி. இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளைப் பற்றி இன்று யார் பேசினாலும் அவரைத் தொடாமல் பேச முடியாது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் நெருங்குகின்றன. அவருடைய வெற்றிகளை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவற்றுடன் அவருடைய ஒரு பிழையையும் சொல்கிறது. மேய்ச்சல் தரைக்காகத் தெருவில் இறங்கிய மாவட்டத்தில் வாழும் நமக்கு, அந்தப் பிழையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மஞ்சள் கழுத்துக் குருவி

சலீம் அலி 1896 நவம்பர் 12இல் பம்பாயில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதாவும்தான் அந்தப் பிள்ளைகளை வளர்த்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளை மாமன் வீடும் பெரியம்மா வீடும் வளர்த்தெடுத்த கதை நம் பக்கத்திலும் பல வீடுகளில் உண்டு.

மாமன் வேட்டைப் பிரியர். சிறுவனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. குருவி சுடுவது அவனுக்கு விளையாட்டானது. பத்து, பன்னிரண்டு வயதில் ஒரு நாள் அவன் சுட்டு விழுத்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் பொட்டு ஒன்று இருந்தது. வழக்கமான ஊர்க்குருவி இல்லை. இதைச் சாப்பிடுவது மார்க்கப்படி சரியா என்று மாமனிடம் கேட்டான். மாமனுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.

மில்லார்ட் அந்தச் சிறுவனைத் துரத்திவிடவில்லை. குருவியின் பெயரைச் சொன்னார். அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். தோலுரித்துப் பாதுகாக்கும் முறையைக் கற்றுக்கொள்ள வழி செய்தார். அந்த ஒரு நாள் சந்திப்பு ஒரு வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்தது. பல ஆண்டுகளின் பின்னர், 1985இல், சலீம் அலி தன் சுயசரிதையை வெளியிட்டபோது அதற்கு ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார்.

பட்டமும் இல்லை, வேலையும் இல்லை

படிப்பு அவருக்குச் சுலபமாக வரவில்லை. தலைவலி அவரை வாட்டியது. கணக்குப் பாடம் விரட்டியது. 1913இல் மெட்ரிகுலேசன் பரீட்சையில் ஒருவாறு தேறினார். பிறகு பர்மாவின் தவோய்ப் பகுதிக்குப் போய், குடும்பத்தினரின் சுரங்கம், மரத் தொழில்களைப் பார்த்தார். அங்கும் கணக்குப் புத்தகத்தைவிடக் காடுதான் அவரை இழுத்தது. 1917இல் பம்பாய் திரும்பினார். வணிகச் சட்டமும் கணக்கியலும் ஒரு பக்கம், விலங்கியல் இன்னொரு பக்கம் என்று படித்தாலும் முறையான பட்டம் எதையும் பெறவில்லை. 1918இல் தெஹ்மினாவை மணந்தார்.

பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியல் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்தார். பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை. அதில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜேர்மனியின் பேர்லின் நகருக்குப் போய் ஸ்ட்ரெசெமன் என்ற பேரறிஞரிடம் பறவையியல் கற்றார். 1930இல் ஊர் திரும்பியபோது பணமில்லை என்ற காரணத்தால் அந்த வழிகாட்டிப் பதவியே ஒழிக்கப்பட்டிருந்தது.

வேலையில்லாமல் பம்பாய்க்குத் தெற்கே கடலோரக் கிராமமான கிஹிமில் மனைவியின் குடும்ப வீட்டில் போய் இருந்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவர் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்காக.

அப்போதுதான் அரைக்கூட்டின் இரகசியம் வெளிப்பட்டது. ஆண்குருவி தனியாகக் கூட்டைப் பின்னத் தொடங்குகிறது. தொப்பி வடிவம் வரும்வரை பின்னிவிட்டு, சிறகடித்துப் பெண்குருவிகளை அழைக்கிறது. பெண்குருவி வந்து கூட்டைச் சோதிக்கிறது. பிடித்திருந்தால் தங்குகிறது, பிடிக்காவிட்டால் போய்விடுகிறது. பெண் ஒப்புக்கொண்ட பிறகுதான் நீண்ட வாசற்குழாயையும் சேர்த்து ஆண் கூட்டை முடிக்கிறது. அது முட்டையிட்டதும் ஆண் பக்கத்தில் இன்னொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கிறது. நம் வட்டையோரப் பனைகளில் கைவிடப்பட்டுத் தொங்கும் அரைக்கூடுகள், பெரும்பாலும் பெண்குருவிகள் நிராகரித்தவை. தெருவோரத்தில் எல்லோரும் பார்க்கும் ஒரு பறவையின் வாழ்க்கை அதற்கு முன் இப்படிப் படிக்கப்படவில்லை.

யார் யாரை உண்கிறார்கள், யார் யாரைத் தாங்குகிறார்கள்

சலீம் அலியின் காலத்தில் பறவையியல் என்றால் பெரும்பாலும் சுடுவதும் பாடம் செய்வதும் பெயரிடுவதும்தான். அவரும் ஆயிரக்கணக்கான பறவைகளைச் சுட்டவர்தான். அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் அவருடைய ஆர்வம் வேறொன்றில் இருந்தது. அந்தப் பறவை எதை உண்கிறது? அதை எது உண்கிறது? அது இல்லாவிட்டால் எந்த மரம் காய்க்காது? இந்தக் கேள்விகளைத்தான் இன்று சூழலியல் என்கிறோம்.

1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய இரண்டு கட்டுரைகள் இதற்கு நல்ல சாட்சி. ஒன்று பறவைகளை நம்பிப் பூக்கும் பூக்களைப் பற்றியது. முருங்கை, முள்முருங்கை, இலவம் போன்ற மரங்களின் பூக்களில் தேன் குடிக்கவரும் பறவையின் நெற்றியிலும் அலகிலும் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவுக்கு அது போகிறது. பறவைக்குத் தேன், மரத்துக்குக் காய். இரண்டு பக்கமும் இலாபம். இதை உயிரியலாளர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்தல் என்பார்கள்.

மற்றது புல்லுருவியைப் பற்றியது. மாமரத்தில் புல்லுருவி பற்றினால் மரம் மெல்ல மெல்ல வற்றும் என்பது நமக்குத் தெரியும். அந்தப் புல்லுருவியின் பழத்தை மிகச் சிறிய பூக்கொத்திப் பறவை உண்கிறது. பசைபோல் ஒட்டும் அதன் விதை பறவையின் எச்சத்துடன் வெளிவந்து கிளையில் ஒட்டிக்கொள்கிறது. தேன்சிட்டு அதன் பூவில் தேன் குடித்து மகரந்தத்தைக் கடத்துகிறது. ஆக இரண்டு பறவைகளுக்கும் புல்லுருவிக்கும் இடையில் நட்பு. புல்லுருவிக்கும் மாமரத்துக்கும் இடையில் பகை. ஒரே கிளையில் இரண்டு உறவுகளும் நடக்கின்றன. ஓர் உயிர் நல்லது, இன்னோர் உயிர் கெட்டது என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்றுதான் கேட்க வேண்டும்.

இந்த உறவுகளுக்கு அடியில் ஓடுவது வெயிலின் சக்தி. நெற்பயிர் தன்மேல் விழும் வெயிலில் நூற்றில் ஓரிரு பங்கை மாத்திரமே உணவாக மாற்றிச் சேமிக்கிறது. அந்தப் பயிரை உண்ணும் எலிக்கும் பூச்சிக்கும் அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் உடம்பாகிறது. மீதி மூச்சாகவும் சூடாகவும் நடமாட்டமாகவும் கழிகிறது. எலியை உண்ணும் சாரைப்பாம்புக்கு அதிலும் பத்தில் ஒன்று. பாம்பை உண்ணும் பருந்துக்கு இன்னும் பத்தில் ஒன்று. 1,000 கிலோ பயிர், 100 கிலோ எலி, 10 கிலோ பாம்பு, 1 கிலோ பருந்து என்று ஒரு பேச்சுக்குக் கணக்கிட்டுக்கொள்ளலாம். வட்டையில் பூச்சி கோடிக்கணக்கிலும் பருந்து ஒன்றிரண்டாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் ஒரு சிறு குளத்தை ஆராய்ந்து இந்தக் கணக்குக்கு அத்திவாரம் போட்டார். அவருடைய கட்டுரை 1942இல் அச்சேறியபோது அவர் உயிருடன் இல்லை; இருபத்தாறு வயதில், சில மாதங்களுக்கு முன்பே, இறந்துவிட்டிருந்தார்.

தூக்கணாங்குருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிய நெல்லை அது கொறிக்கிறது என்று விவசாயி தகரம் தட்டி விரட்டுகிறார். ஆனால் அதே குருவி தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் பூச்சிகளையும் புழுக்களையும்தான் பிடித்து ஊட்டுகிறது. பறவைகள் விவசாயிக்குச் செய்யும் வேலையைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று சலீம் அலி வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார்.

புத்தகங்களும் ஒரு தொற்றுநோயும்

வேலை கிடைக்காத அவர் தனக்கென ஒரு வேலையை உருவாக்கிக்கொண்டார். ஹைதராபாத், திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகச் சொன்னார். முகாம் செலவைத் தந்தால் போதும், சம்பளம் வேண்டாம் என்றார். தெஹ்மினா வசதியாக வளர்ந்தவர். ஆனாலும் காடு மேடெல்லாம் கணவருடன் போனார், முகாம்களை நடத்தினார், அவருடைய எழுத்தைச் செப்பனிட உதவினார். 1939இல் ஒரு சிறிய சத்திரசிகிச்சைக்குப் பின்னர் எதிர்பாராத விதமாக அவர் இறந்தார். பிள்ளைகள் இல்லை. சலீம் அலி மறுமணம் செய்யவில்லை. சகோதரியின் வீட்டில் தங்கி வேலைக்குள்ளேயே மூழ்கினார்.

1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய கைநூல் வெளிவந்தது. சாதாரண மக்கள் படம் பார்த்துப் பறவையைப் பெயர் சொல்லி அழைக்க வழி செய்தது அந்த நூல். பிறகு அமெரிக்கரான டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து பத்துப் பாகங்கள் கொண்ட பெருந்தொகுப்பை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். அதில் இலங்கைப் பறவைகளுக்கும் இடம் உண்டு. மட்டக்களப்பு வாவியில் நாம் தினமும் காணும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன.

1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் கூட்டமாகச் செத்து விழுந்தன. பிறகு காட்டுக்குள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போனவர்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. காரணம் உண்ணி கடத்தும் ஒரு வைரஸ். அது சைபீரியாவில் காணப்பட்ட வைரசுக்கு உறவாக இருந்ததால், வலசை வரும் பறவைகள் அதைக் கொண்டுவந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் சலீம் அலி பறவைகளின் காலில் வளையமிட்டு விடும் பெரும் வேலையைத் தொடங்கினார். பின்னர் அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுப் பிரிவு ஒன்றின் பணமும் இந்த வேலைக்கு வந்தது. கிருமிப் போருக்கான தகவல் திரட்டோ என்று இந்தியாவில் பெரும் சர்ச்சை எழுந்தது. யார் பணத்தில் ஆய்வு நடக்கிறது என்று மக்கள் கேட்பது நியாயம்தான் என்பதைப் போரைக் கண்ட நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்த வளையங்கள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின. இந்தியக் குளத்தில் வளையமிடப்பட்ட வாத்து சோவியத் நாட்டின் வடக்கில் அகப்பட்டது. நமக்கு வடமேற்கே, பாக்கு நீரிணையின் மறுகரையான கோடியக்கரையின் சதுப்புகளும் வலசைப் பறவைகளின் பெரிய தங்குமிடம் என்பதை சலீம் அலி 1960களில் எடுத்துக்காட்டினார். 1967இல் அது சரணாலயமானது. மாரியில் நம் வாவிக்கும் குளங்களுக்கும் வரும் பறவைகளும் இதே வடக்குத் திசையிலிருந்துதான் வருகின்றன. அவற்றின் வழியில் ஒரு குளம் அழிந்தால் இழப்பு அந்த ஊரோடு முடிவதில்லை.

பரத்பூர்: காப்பாற்றியதும் பிழைத்ததும்

இனி அந்தப் பிழைக்கு வருவோம்.

ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊருக்குப் பக்கத்தில் கேவலாதேவ் என்ற சிவன் கோயிலின் பெயரால் வழங்கும் சதுப்பு நிலம் இருக்கிறது. பரப்பு சுமார் 29 சதுர கிலோமீற்றர். இயற்கையாக அமைந்த பள்ளத்துக்குக் கால்வாய் வெட்டி, அணைகட்டி, நீரைத் தேக்கி மன்னர்கள் அதை வாத்து வேட்டைக் களமாக்கினார்கள். 1938இல் ஒரே நாளில், வைஸ்ரோய் லின்லித்கோவின் வேட்டைக் கூட்டம் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது.

இந்தியா சுதந்திரமடைந்த பின்னர், சதுப்பை வடித்து வயலாக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. நிலமற்ற விவசாயிகளின் கோரிக்கை அது, அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. ஆனால் அந்தக் குளம் போனால் திரும்ப வராது என்று சலீம் அலி வாதாடினார். பிரதமர் நேரு வரை விடயத்தைக் கொண்டுபோனார். குளம் தப்பியது. 1981இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 1982இல் தேசியப் பூங்காவானது. 1985இல் உலக மரபுரிமைத் தலமானது. சலீம் அலி இல்லாவிட்டால் இன்று அங்கே குளமே இருந்திராது என்று சொல்வது மிகையல்ல.

ஆனால் தேசியப் பூங்கா என்றால் அதற்குள் மேய்ச்சல் கூடாது என்றது சட்டம். தலைமுறை தலைமுறையாகச் சுற்றுக் கிராமத்தவர்கள் தங்கள் எருமைகளையும் மாடுகளையும் அந்தச் சதுப்பில் மேய்த்துவந்தார்கள். கால்நடைகள் பறவைகளுக்கு இடைஞ்சல், அவற்றை வெளியேற்ற வேண்டும் என்று சலீம் அலியும் அவருடைய கழகத்தைச் சேர்ந்த நிபுணர்களும் அறிவுரை கூறினார்கள். அரசு ஏற்றுக்கொண்டது. 1982இன் பிற்பகுதியில் மேய்ச்சல் தடை நடைமுறைக்கு வந்தது. கிராமத்தவர்களுக்கு மாற்று மேய்ச்சல் நிலம் சரியாகக் கொடுக்கப்படவில்லை. அவர்கள் எதிர்த்து நின்றார்கள். பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். பலர் உயிரிழந்தார்கள். பறவைகளைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லி மனிதர்கள் சுடப்பட்டார்கள்.

எருமைகள் வெளியேறின. பறவைகள் பெருகியிருக்க வேண்டும். நடந்தது வேறு.

எருமை மேய்ந்து கட்டுப்படுத்தி வைத்திருந்த ஒருவகை நீர்ப்புல், தடைக்குப் பிறகு பாய் விரித்தாற்போலக் குளத்தை மூடத் தொடங்கியது. திறந்த நீர்ப்பரப்புச் சுருங்கியது. நீந்தி இரைதேடும் வாத்துகளுக்கு இடமில்லாமல் போனது. புல் மூடிய நீருக்குள் வெயில் இறங்கவில்லை. வெயில் இறங்காத இடத்தில் நீர்ப்பாசியும் நீருக்கடித் தாவரமும் வளர்வது குறையும். அவற்றை நம்பிய பூச்சியும் மீனும் குறையும். மீனை நம்பிய நாரையும் கொக்கும் வேறிடம் தேடும். நாம் மேலே பார்த்த சக்திச் சங்கிலியின் முதல் கண்ணியே இறுக்கப்பட்டது. இயந்திரங்களைக் கொண்டு புல்லை அகற்றிப் பார்த்தார்கள். எருமை இலவசமாகச் செய்த வேலையை இயந்திரத்தால் செய்ய முடியவில்லை.

இதைக் கண்டறிந்தது யார் என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. சலீம் அலியின் சொந்தக் கழகமே அதைக் கண்டறிந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் அந்தச் சதுப்பில் பத்தாண்டு கால ஆய்வொன்றை நடத்தியது. வி. எஸ். விஜயன் தலைமையில் நடந்த அந்த ஆய்வின் இறுதி அறிக்கை 1991இல் வந்தது. எருமை அந்தச் சூழலமைப்பின் ஓர் உறுப்பு, அதை அகற்றியது பறவைகளுக்கே கேடாக முடிந்தது, கட்டுப்படுத்தப்பட்ட மேய்ச்சலோ கிராமத்தவர்கள் புல் அறுப்பதோ தேவை என்ற முடிவுக்கு அது வந்தது. பிற்காலத்தில் கிராமத்தவர்கள் உள்ளே போய்ப் புல் அறுக்க அனுமதிக்கப்பட்டார்கள். மேய்ப்பர்களுக்குத் தெரிந்திருந்ததை விஞ்ஞானம் பத்தாண்டு செலவழித்து அறிந்துகொண்டது. ஆனால் சுடப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை.

சலீம் அலி அந்த இறுதி அறிக்கையைக் காணவில்லை. கேரளத்தின் சைலன்ட் வேலி மழைக்காட்டை மூழ்கடிக்கவிருந்த மின் திட்டத்தைத் தடுக்கும் முயற்சியில் முதுமையிலும் குரல் கொடுத்தவர், 1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றவர், 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், 1987 ஜூன் 20இல் தொண்ணூறாவது வயதில் பம்பாயில் காலமானார். அவருடைய பெயரால் 1990இல் கோயம்புத்தூரில் பறவையியல் ஆய்வு நிலையம் அமைந்தது. அதன் முதல் இயக்குநராக இருந்தவரும் பரத்பூர் ஆய்வை நடத்திய அதே விஜயன்தான். தேனி மாவட்ட மலையில் வாழும் ஓர் அரிய பழந்தின்னி வெளவாலின் விஞ்ஞானப் பெயரிலும் சலீம் அலி இருக்கிறார்.

படுவான்கரையில் நின்று பார்த்தால்

பரத்பூர் நமக்குத் தூரம். ஆனால் அந்தக் குளமும் எருமையும் கொக்கும் நமக்குத் தூரமல்ல.

போரதீவுப்பற்றின் வாழ்வு மூன்று கால்களில் நிற்கிறது: வேளாண்மை, மாட்டுப்பட்டி, வாவியும் குளமும் தரும் மீன். இவை தனித்தனித் தொழில்கள்போலத் தெரிந்தாலும் ஒன்றின் சக்திதான் மற்றதற்குள் ஓடுகிறது. அறுவடை முடிந்த வட்டையில் மாடு இறங்கி வைக்கோலையும் தாள்கட்டையையும் மேய்கிறது. அதன் சாணம் அடுத்த போகத்துக்கு உரம். சாணத்தில் வண்டும் புழுவும் பெருக, அவற்றைத் தேடிப் பறவைகள் வருகின்றன. மாடு நடக்கும்போது கிளம்பும் வெட்டுக்கிளியை உண்ணிக்கொக்கு கூடவே நடந்து பிடிக்கிறது. மாட்டுக்கு அதனால் பெரிய நட்டமும் இல்லை. குளத்தில் இறங்கும் எருமை நீர்ப்புல்லைத் தின்று இடம் திறக்கிறது. அந்தத் திறந்த நீரில் மீன் வளர்கிறது. மீனுக்கு நாரையும் நாமும் போட்டி.

பெரும்போகம் விதைத்ததும் மாடுகளை வட்டையிலிருந்து அப்புறப்படுத்தி மேய்ச்சல் தரைக்கு ஓட்டிச் செல்வது நம் வழமை. பயிருக்கும் மாட்டுக்கும் சண்டை வராமல் முன்னோர் வகுத்த ஒழுங்கு அது. சூழலியல் பாடநூல் இதைப் படித்தால், ஒரே இடத்தைக் காலம் பிரித்துப் பயன்படுத்தும் முறை என்று எழுதும். பட்டிக்காரர் அதை மாரி வந்துவிட்டது, மாட்டைக் கிளப்பு என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

அந்த ஒழுங்கைப் போர் குலைத்தது. 2007 மார்ச்சில் எறிகணை மழைக்கு நடுவே படுவான்கரை மக்கள் எழுவான்கரைக்கு ஓடினார்கள். வெல்லாவெளியும் வெறிச்சோடியது. கட்டி நின்ற மாட்டை அவிழ்த்துவிட மாத்திரமே பலருக்கு நேரமிருந்தது. திரும்பி வந்தபோது பட்டிகள் இல்லை. வரம்பு தெரியாமல் பற்றை மண்டியிருந்தது. மனிதரும் மாடும் விலகிய இடத்தில் பற்றை வளரும். பற்றை தரும் மறைவையும் தீனியையும் தேடி யானை வரும். இன்று வெல்லாவெளிப் பக்கத்தில் யானைப் பிரச்சினையைப் பற்றிப் பேசும்போது, காடு அழிந்ததை மாத்திரமன்றி, ஊர் அழிந்திருந்த காலத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நிலத்திலிருந்து மனிதரை எடுத்துவிட்டால் அது பழைய இயற்கைக்குத் திரும்பிவிடுவதில்லை. வேறொன்றாக மாறுகிறது.

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளைக் காக்கக் கோரி 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டத்தை நாம் அறிவோம். வெளியிலிருந்து வந்தவர்கள் அந்தத் தரையை உழுது பயிரிடுவதை எதிர்த்த போராட்டம் அது. அங்கே பிரச்சினை நிலம், அதிகாரம், இனம் பற்றியது. அதைச் சூழலியல் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்க முடியாது. ஆனால் சூழலியல் அங்கே பண்ணையாளர் பக்கம்தான் பேசுகிறது. மாரியில் மாடு போக இடமில்லை என்றால் அது வயலுக்குள் வரும், அல்லது விற்கப்படும். மாடு குறைந்தால் சாணம் குறையும். உரத்துக்குக் கடைக்குப் போக வேண்டும். ஒரு தரை போவதுடன் அந்தச் சங்கிலி முழுவதும் தளரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. காடு, வனவிலங்கு, சரணாலயம் என்ற பெயர்களில் எல்லைக்கற்கள் நடப்படும்போது நம் மக்கள் சந்தேகத்துடன் பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. அதற்காகக் காடும் குளமும் பறவையும் நமக்கு வேண்டாதவை என்று நாம் சொல்லிவிடக் கூடாது. பரத்பூரில் சலீம் அலி குளத்தை வடிக்க விடாமல் நின்றது சரி. மேய்ப்பரைக் கேளாமல் எருமையை வெளியேற்றச் சொன்னது பிழை. இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். முதலாவதில் அவர் நீரையும் பறவையையும் சேர்த்துப் பார்த்தார். இரண்டாவதில் எருமையும் மேய்ப்பரும் அதே கணக்கில் வருகிறார்கள் என்பதைப் பார்க்கத் தவறினார்.

ஆகவே நாளை நம் குளத்தையோ மேய்ச்சல் தரையையோ பற்றி ஒரு திட்ட வரைபடத்துடன் யாராவது வந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்த இடத்தில் மாரியில் என்ன மேய்கிறது, கோடையில் என்ன மேய்கிறது? இங்கே நீர் நின்றால் எந்த மீன் வரும், எந்தப் பறவை வரும்? மாடு போனால் எந்தப் புல் மூடும்? இதற்கு முன் இங்கே பட்டி வைத்திருந்தவரைக் கேட்டீர்களா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைக்கும் வேலையை நம் பாடசாலைகளும் இளைஞர்களும் தொடங்கலாம். குளத்துக்குக் குளம், வட்டைக்கு வட்டை, எந்த மாதத்தில் எது வருகிறது, எது போகிறது என்று ஒரு கொப்பியில் குறித்தால் போதும். சலீம் அலிக்கும் கிஹிமில் அதற்கு மேல் எதுவும் இருக்கவில்லை. ஒரு மரம், சில குருவிகள், ஒரு குறிப்பேடு, நிறையப் பொறுமை.